பாகூர்ச் சண்டையில் ஒரு குடிசை

போர்க் காட்சி என்றார்கள். சினிமா என்று நினைத்து, பாகூரிலிருந்து பஸ் பிடித்து நானும் என் மாமாவும் இன்று வில்லியனூர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

உள்ளே திரையே இல்லை. ஒரு பெரிய மேசை மேல் கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்கள், பீரங்கிகள், பனைமரங்கள், குடிசைகள், நடுவே ஒரு ஏரி. பிரான்சிலிருந்து வந்த இரண்டு பேர் பகடை உருட்டிச் சண்டை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா இது, நம்ம ஏரிடா! மதகுகூட அதே எடத்துல கீது" என்றார் மாமா.

அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எங்கள் ஊரில் போட்ட சண்டையாம். பிரெஞ்சு ஆட்சி போய் இருபது வருஷமாகியும் எங்கள் ஏரியை விடவில்லை!

பீரங்கி வைக்க இடம் போதவில்லை. ஒருவர் ஏரிக்கரைக் குடிசைகளை ஒரே கையில் அள்ளி டப்பாவில் போட்டார். எங்கள் வீடு இருப்பது அங்கேதான்.

"அதுல இருந்தவங்க எங்க போனாங்கன்னு கேளுடா."

தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். அவர் ஆட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு விதி எதுவும் இல்லை என்றார்.

வெளியே வந்ததும் மாமா வேட்டி மடிப்பை அவிழ்த்தார். உள்ளே ஒரு குடிசை.

பாகூர் வாசகசாலையில், நான் எழுதிய இந்தக் காகிதம் ஒட்டிய பலகைக்குக் கீழேயே அதை வைத்திருக்கிறேன். உங்கள் வீடு என்றால் பெயரை எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.