வீட்டுக்காரர் விளக்குகிறார்

அடிப்பிடித்துக் கறுத்த பால் பாத்திரத்தை மனைவி தேய்த்துக்கொண்டிருந்தாள். பாலை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டவர் கணவர். முழங்கை வரை நீண்ட அந்த நீலக் கையுறைகள் அவருடையவை. உள்ளே இருந்த கைகள் அவளுடையவை. அவர் ஸ்டூல்மேல் ஏறி நின்று, போனைக் கீழ்நோக்கிப் பிடித்து, தொட்டியை மட்டும் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

“நைட்டி தெரியுதும்மா. கொஞ்சம் தள்ளி நில்லு.”

“பாத்திரம் இங்க இருக்கு. நான் தள்ளிப் போய் எதைத் தேய்க்கறது?”

“சரி, வயித்தை எக்கிக்கோ.”

அவள் எக்கவில்லை. அவர்தான் போனைச் சாய்த்துக்கொண்டார்.

வேலை பார்த்த பாத்திரக் கடையில் அவருக்கு வாய்க்காரர் என்று பெயர். கரண்டி வாங்க வந்தவர் அவரிடம் மாட்டினால் குக்கரோடுதான் வெளியே போவார். முதலாளியின் மச்சான் கடைப்பொறுப்புக்கு வந்ததும் வாய்க்காரரைப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினான். அங்கே பேச ஆளில்லை. விலைச் சீட்டு ஒட்டவேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் அடுக்கிவைத்த வாணலிகளிடம் பேசிப் பார்த்துவிட்டு வேலையை விட்டார். “மனசு மாறினா ஆறு மாசத்துக்குள்ள வாங்க. ஆனா ஸ்டோர் ரூம்தான்” என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

வாயை வைத்துப் பிழைக்க இன்னொரு வழி உண்டு என்று காட்டியவள் கல்லூரிக்குப் போகும் மகள். வீடியோ சேனலுக்கு ‘வீட்டுக்காரர் விளக்குகிறார்’ என்று பெயர் வைத்தவளும் அவளே. முதலில் அவர் கேமராவைப் பார்த்துப் பேசுவார். பிறகு கையுறைகள் மட்டும் தெரியும். கடைசியில் பளபளக்கும் பாத்திரத்தோடு மறுபடியும் அவர் முகம். நெற்றியில் வியர்வை இருக்கும். குழாயைத் திறந்து இரண்டு சொட்டு எடுத்துத் தடவிக்கொள்வார்.

பார்த்தவர்கள் எல்லாம் பெண்கள். ‘எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே’ என்று எழுதிப் பெருமூச்சு விட்டார்கள். மனைவியின் தங்கை போன் செய்தாள்.

“நீ குடுத்து வெச்சவக்கா. இங்க குடிச்ச டம்ளரைக்கூட நான்தான் போய்ப் பொறுக்கணும்.”

“ஆமாண்டி, நிறையக் குடுத்து வெச்சிருக்கேன்” என்று அக்கா சொன்னாள். போனைத் தோளில் இடுக்கியிருந்தாள். கையில் மேல்வீட்டுக்காரியின் வாணலி. ‘சார் கையால ஒரு தடவை’ என்று கேட்டு அவள் வைத்துவிட்டுப் போனது. சார் பெருந்தன்மையாக வாங்கி வைத்திருந்தார்.

முதல் வருமானம் வந்த அன்று மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“அப்பா, வந்துடுச்சு.”

“எவ்வளவு?”

“இந்தக் கையுறை இருக்கில்ல, அதுல ஒரு கை வாங்கலாம்.”

வாய்க்காரர் மனம் தளரவில்லை. எந்தக் கடையிலும் முதல் வியாபாரம் அப்படித்தான் இருக்கும் என்றார். அன்று மாலையே கடை முதலாளி மறுபடி ஆள் அனுப்பினார், மச்சான் ஸ்டோர் ரூமுக்கு வேறு ஆள் பார்க்கிறானாம். ராத்திரிச் சாப்பாட்டின்போது வாய்க்காரர் ஒன்றும் பேசவில்லை. மகளும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சாப்பிடும்போது பேசாமலிருந்து அவர்கள் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் பாத்திரம் துலக்கும் சோப்புக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வாய்க்காரர் சாப்பாட்டு மேசைமேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். நல்ல செய்தியை வீடே கேட்கட்டும் என்று நினைத்தார். செய்தி நல்லதுதான். மாதம் ஒரு வீடியோ, ஏறக்குறைய பழைய சம்பளம்.

“ஒரே ஒரு விஷயம் சார். எங்க சோப்பு கையை உறுத்தாதுன்னு காட்டணும். அதனால கையுறை வேண்டாம். முகமும் கையும் சேர்ந்து தெரியணும். நடுவுல வெட்டக் கூடாது. முதல் வீடியோவைப் பாத்துட்டுத்தான் ஒப்பந்தம்.”

வாய்க்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் கைவிடவில்லை.

“இப்படிச் செய்யலாம்மா. என் மனைவி தேய்க்கட்டும், நான் பக்கத்துல நின்னு பேசறேன். குடும்பமா இருக்கும்.”

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சிரித்தாள். “லேடீஸ் தேய்க்கறதை யார் சார் பாக்கப்போறா? அது எல்லா வீட்டுலயும் இருக்கே. ஆம்பளை தேய்க்கறாருன்னுதான் உங்களைக் கூப்பிட்டோம்.”

அழைப்பு முடிந்தது. மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் போனை நகர்த்தினார். போன் இருந்த இடத்தையும் துடைத்தாள்.

“அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. நீ ஒண்ணும் நினைச்சுக்காத.”

“நான் என்ன நினைக்கப்போறேன்? இன்னிலேர்ந்து பாத்திரமெல்லாம் நீங்க தேய்ங்க. பழக்கம் வரட்டும்.”

அன்று மதியமே பழக்கம் ஆரம்பித்தது. ஒரு சங்கடம் உடனே தெரிந்தது. அவர் பேசினால் கை நின்றது. கை ஓடினால் பேச்சு நின்றது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மூச்சு வாங்கியது. மகள் படமெடுத்துப் போட்டுக் காட்டினாள்.

“அப்பா, பாத்திரத்துக்கு நல்லா புத்திமதி சொல்றீங்க. அதுதான் கேட்கலை.”

“அழுத்தம் குடுக்காம, வட்டமா, மெதுவா...” என்று அவர் வீடியோவில் சொல்லும் பாடத்தையே முணுமுணுத்தார்.

“வட்டமா தேய்ச்சா எப்பப் போகும்?” மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்றாள். “நான் என்னிக்கு வட்டமா தேய்ச்சேன்?”

“வீடியோவுல அப்படித்தானே தெரியுது?”

“நீங்க வட்டம்னு சொல்றீங்க. பாக்கறவங்களுக்கு வட்டமாத் தெரியுது. முதல்ல வெந்நீர் ஊத்தி ஊற விடுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு அழுத்தித் தேய்ங்க.”

இத்தனை நாள் அவள் பாத்திரத்தை ஊறவைத்துவிட்டு நகரும் நேரத்தில் அவர் போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதனால் அது அவருக்குத் தெரியவில்லை.

தோள் வலித்தது. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கின. ஒரு வேளைப் பாத்திரம் முடிந்து திரும்பினால் அடுத்த வேளைப் பாத்திரம் வந்து நின்றது. இது எங்கிருந்து வருகிறது என்று உண்மையாகவே கேட்டார். “நம்ம வயித்துலேர்ந்துதான்” என்றாள் மனைவி. மேல்வீட்டுக்காரி இன்னொரு குக்கரை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தபோது, வாய்க்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கதவைத் திறக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாளி சொன்ன ஆறு மாதக் கெடு முடியுமுன் படமெடுத்தார்கள். மகள் போனைப் பிடித்தாள். வாய்க்காரர் இரண்டு வரி பேசினார், வெந்நீரை ஊற்றினார், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். நெடுநேரத்துக்குத் தேய்க்கும் சத்தமும் அவர் மூச்சும்தான் கேட்டன. குழாய்த் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் தடவ வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் ‘இவ்வளவுதான்’ என்று சொன்னார். அதுவும் பாதிதான் வெளியே வந்தது.

கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. பார்த்தவர்களுக்கும் பிடித்தது. ‘சார் ஏன் இன்னிக்குப் பேசலை, வீட்டுல சண்டையா?’ என்று மட்டும் சிலர் கேட்டிருந்தார்கள்.

பணம் வங்கிக்கு வந்த மதியம் அவர் கடை முதலாளிக்குப் போன் செய்து, ஸ்டோர் ரூமுக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். குரலில் பழைய வாய்க்காரர் திரும்பியிருந்தார். சாப்பிட்டு எழுந்து, சமையலறைக்குப் போய், தொட்டியைப் பார்த்தார். மூன்று தட்டு, ஒரு வாணலி. மனைவி அலமாரியில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இந்தாம்மா” என்றார். “அடுத்த வீடியோ இனி அடுத்த மாசம்தான். கை பழகிடுச்சு, மறக்காது. தோள் வேற ஒரே வலி. இதை மட்டும் நீ தேய்ச்சுப் போட்டுடறியா? கேமராவும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு பாக்கப்போறா?”

அவள் கடைசி டப்பாவை வைத்து அலமாரியைச் சாத்தினாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, துண்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.