விழுங்கியது முன்பா, குத்தியது முன்பா

எங்கள் அமாக்வு ஊரின் பெருமையை அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. எக்கே சந்தையில் மாட்டிறைச்சி விற்கும் ஒஃபோடிலேயின் உடம்பைப் பார்த்தால் போதும். இடது காதில் பாதி இல்லை. அமாக்வுக்காரர்கள் விருந்தாளிக்குப் புழு வைத்த கோலாக்கொட்டையைக் கொடுப்பார்கள் என்று ஒனிட்சா லாரி நிலையத்தில் ஒருவன் சொன்ன அன்று அது போனது. வலது சுண்டுவிரல் லாகோஸில் வளைந்தது. எங்கள் ஊர்க் கசப்பிலைக் குழம்பில் தண்ணீர் அதிகம் என்றானாம் ஒரு சமையல்காரன். அவன் தாடை அதைவிட மோசமாக வளைந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பத்து மூன்று வயதுக்குள் பதினேழு சண்டை. ஒன்றில்கூட அவர் கத்தியைத் தொட்டதில்லை. "கத்தி மாட்டுக்கு. மனுஷனுக்கு மரியாதை தரணும்" என்பார், விரல்களை மடக்கிக்கொண்டே.

பதினேழில் பதினொன்று, ஓடைக்கு அக்கரையில் இருக்கும் உமுவெலேக்காரர்களோடு. அந்த ஊரில் ஆட்டுத் திருடர்களைத் தவிர யாரும் பிறப்பதில்லை என்பது அவர் கொள்கை. உமுவெலே மண்ணை அவர் மிதித்ததே கிடையாது. ஆளை ஓடைவரை துரத்துவார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் திரும்பிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் சினாசா, கட்டினால் உமுவெலே தொபென்னாவைத்தான் கட்டுவேன் என்றாள். பையனுக்குக் கனடாவில் மீன் குளிரூட்டும் கிடங்கில் வேலை. மூன்று வருடப் பழக்கம், முழுக்கக் கைபேசியில். இருபது நிமிட நடையில் கிடைத்திருக்க வேண்டியவனை உலகத்தைச் சுற்றிப்போய்க் கண்டுபிடித்திருந்தாள்.

"வெள்ளைக்காரனக் கட்டுறேன்னு சொல்லு, தாங்கிக்கறேன். உமுவெலேக்காரனா?" என்று ஒஃபோடிலே ஒரு தொடைக் கறியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சுவர் விரிசல் விட்டது.

"சுவத்த இடிங்க, கூரைய இடிங்க. எனக்கு அவர்தான். இல்லேன்னா சாகுற வரைக்கும் உங்க கடையில குடல் கழுவிட்டு உக்காந்திருப்பேன்."

குடலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், இறங்கி வந்தார். ஒரே நிபந்தனை: கள் கொடுக்கும் நாளில் மாப்பிள்ளை நேரில் வர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கள்தான் கல்யாணம். பெண் கோப்பையோடு கூட்டத்தில் மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்து, மண்டியிட்டு நீட்டுவாள். கள் தொண்டையைத் தாண்டிய நொடியில் இரண்டு வீடும் சம்பந்தி. சம்பந்தியை அடித்தவன் தன் தெய்வத்தையே அடித்தவன். அடித்தவன் ஆட்டோடு அடிபட்டவன் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். தொண்டையைத் தாண்டும்வரை எந்தத் தடையும் இல்லை.

மாப்பிள்ளை வரவில்லை. நிரந்தரமாகத் தங்கும் காகிதம் கைக்கு வருமுன் வெளியேறினால் திரும்ப விடமாட்டார்களாம். அண்ணன் ஒன்வுரா வந்தான், கையில் கைபேசி, அதற்குள் கம்பளித் தொப்பியோடு தொபென்னா.

நானூறு பேர் பார்த்திருக்க, கழுத்து நிறையப் பவளத்தோடு சினாசா கோப்பையை ஏந்தி வந்தாள். ஒன்வுரா கைபேசியை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தான். ஒஃபோடிலே எழுந்தார்.

"என் பொண்ணு கண்ணாடித் துண்டுக்கு முன்னாடி மண்டி போடமாட்டா!"

"கோவப்படாதீங்க மாமா. தம்பிக்குப் பதிலா நானே குடிக்கிறேன். எங்க ஊர்ல அது செல்லும்."

"உங்க ஊர்ல திருட்டு ஆடுகூடத்தான் செல்லும்!"

"ஆமா, உங்க தண்ணிக் குழம்புக்கு எலும்பாவது வேணாமா?"

குழம்பைத் தொட்டுவிட்டான். பதினெட்டாவது சண்டை தொடங்கியது. முதல் குத்தில் ஒன்வுராவின் மூக்கு இடம் மாறியது. உமுவெலே ஆட்கள் பந்தல் காலைப் பிடுங்கினார்கள். எங்கள் ஆட்கள் நாற்காலிகளை எடுத்தார்கள். ஊர்ச்சங்கச் செயலாளரின் தோளெலும்பு முறிந்த சத்தத்தைச் சிலர் மேளம் என்று நினைத்தார்கள். மேளம் அப்போது உமுவெலே மூத்தவர் ஒருவரின் கழுத்தில் மாலையாக இருந்தது. கொதிக்கும் அண்டா கவிழ்ந்து மூன்று பேர் கால் வெந்து அலறினார்கள். அடுக்கி வைத்த கிழங்குக் குவியலின்மேல் கைபேசி சண்டையைப் பார்த்தபடி போய் விழுந்தது. "அண்ணே! யாராவது என்னத் தூக்குங்க!" என்று கனடாவிலிருந்து கத்தினான் தொபென்னா. யாருக்கு நேரம்?

ஒஃபோடிலே ஒன்வுராவின் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது குத்தில் உதடு கிழிந்தது. மூன்றாவதில் பற்கள். நான்காவது தொண்டைக்கு என்று முஷ்டி மேலே போனது. எங்கே அடித்தால் உயிர் போகும் என்பது கசாப்புக்காரருக்குத் தெரியும். அது விழுந்திருந்தால் கல்யாணம் இல்லை, கருமாதிதான். சினாசாவுக்கும் தெரிந்தது. கோப்பையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் அந்த ரணகளத்தைக் கடந்து, ஒன்வுராவின் தலைமாட்டில் மண்டியிட்டு, ரத்த வாயில் கள்ளை ஊற்றினாள்.

"முழுங்குங்க மாமா! சீக்கிரம் முழுங்குங்க!"

விழுங்கினான். கள், ரத்தம், ஒரு பல். முஷ்டியும் இறங்கியது, கடைசி நொடியில் திரும்பிக் கன்னத்தில் விழுந்தது.

பெரியவர்கள் சண்டையை நிறுத்தி, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். தம்பிக்காக அண்ணன் குடிப்பது செல்லும் என்று இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டாயிற்று; மிச்சம் ஒரே கேள்வி. விழுங்கியது முன்பா, குத்தியது முன்பா?

"குத்துதான் முதல்ல. என் குத்துலதான் தொண்ட தெறந்துச்சு. அது குடிச்சதாகாது. கல்யாணமும் ஆகல" என்றார் ஒஃபோடிலே. சட்ட நுணுக்கம். எங்கள் பெரியவர்கள் பெருமையோடு தலையாட்டினார்கள்.

கிழங்குக் குவியலிலிருந்து குரல் வந்தது: "நான் எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டேன்."

ஆறு முறை பார்த்தார்கள். ஏழாவது முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். தொண்டை முடிச்சு இறங்கியது. ஒரு ஈ பறந்தது. பிறகுதான் முஷ்டி.

"பாத்தீங்களாப்பா, உங்க குத்து லேட்டு" என்றாள் சினாசா.

கல்யாணம் முடிந்துவிட்டதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்தான் அவரைச் சாய்த்தது. இரண்டு சந்தை நாள் கடைக்கு வரவில்லை.

மூன்றாவது சந்தை நாளில் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினார். பின்னால் சினாசா, தொபென்னா தெரியும்படி கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி. பல் போன வாயோடு ஒன்வுரா வாசலில் வரவேற்றான். "வாங்க ஹம்பந்தி" என்றான், 'ச' வரவில்லை. ஒஃபோடிலே தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். ஊரே பார்த்தது.

அங்கே கள் பானைகளை இறக்கி விற்க வந்திருந்த வெளியூர் வியாபாரி ஒருவன் சிரித்தான். "உமுவெலேக்கு எதுக்குண்ணே ஆடு தூக்கிட்டு வந்தீங்க? அவங்களே வந்து எடுத்துக்குவாங்களே!"

ஒஃபோடிலே ஆட்டை மெதுவாகக் கீழே விட்டார்.

"எவன்டா எங்க சம்பந்தி ஊரத் திருட்டு ஊருன்றவன்?"

இந்த முறை தாமதம் இல்லை. முதல் குத்திலேயே அவன் கள் பானைகள்மேல் மல்லாந்தான். இரண்டாவதற்கு முஷ்டி மேலே போனபோது கைபேசியிலிருந்து மருமகன் சொன்னான்:

"மாமா, கொஞ்சம் இடது பக்கமா திரும்புங்க. உங்க முதுகுதான் தெரியுது."

ஒஃபோடிலே திரும்பி நின்று அடித்தார்.