துண்டுக்கு அடியில் என் நாடி

1. சந்தையில் விழுந்தது

பள்ளிகொண்டா சந்தையில் நான் மயங்கி விழுந்தபோது என் வலது கை மஸ்தானின் துண்டுக்குள் இருந்தது. நான் நடிக்கிறேன் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். "எழுந்திருப்பா, இந்த வேலையெல்லாம் என்கிட்ட வாணாம்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. பிறகு ஒன்றும் விழவில்லை.

தோல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் துண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூரில் காதர் சாயபுவின் டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு, உப்புப் போட்ட பச்சைத்தோல் வாங்குகிறவன். சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டும் அமுக்கியும் விலை பேசுவோம். அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்காது. தோலில் கத்திவெட்டு இருக்கிறது, உப்பு போதவில்லை, நீ திருடன், உன் அப்பன் திருடன் என்று கத்திக்கொண்டே இருக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்குக் கத்தல் மட்டும் கேட்கும். விலை அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும்.

மஸ்தான் மேல்விஷாரத்துக்காரன். நெமிலிப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுத்தோல் சேர்த்து சந்தைக்குக் கொண்டுவருவான். நாங்கள் சண்டை போடாமல் ஒரு கட்டுத் தோல் கூடக் கைமாறியதில்லை. சண்டை முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்போம். தொழிலில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சண்டைதான். "யேசுபாதம் கையைப் புடிக்கறதுன்னா நோட்டம் பாத்துத்தான் புடிக்கணும்" என்று சந்தையில் சொல்வார்கள்.

2. டாக்டர் சொன்னது

சாயபு என்னை வேலூருக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார்.

"சின்ன வயசுல முட்டியெல்லாம் வீங்கி ஜுரம் வந்துதா?"

"வந்துதுங்க."

"அப்பவே ஆரம்பிச்சிருக்கு. இதயத்துல ஒரு கதவு சரியா மூடல. துடிப்பும் ஒழுங்கா இல்ல. மருந்து தர்றேன், இதைச் சரிபண்ண மருந்து கிடையாது. பாரம் தூக்காதே. உப்பைக் கம்மி பண்ணு. முக்கியமா, கோபப்படக் கூடாது."

நாள் முழுவதும் முழங்கை வரை உப்பில் கிடக்கிறவனிடம் உப்பைக் குறைக்கச் சொன்னார். கத்திப் பிழைக்கிறவனிடம் கோபப்படாதே என்றார். அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் ஆண்டவன் கையில" என்றார். ஆண்டவனைத் தெரிந்துகொள்ள நான் வேலூர் வரை வரவேண்டியதில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சாயபு பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை இப்போது எழுதுகிறேன், அன்று யாரிடமும் சொல்லவில்லை. பயத்தை வெளியே காட்டி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எல்லாம் கோபமாகத்தான் வந்தது.

3. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்

என் மனைவி சலோமி அதுவரை என்னோடு சரிக்குச் சரி நின்று சண்டை போட்டவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குழம்பில் உப்பே இல்லையே என்று தட்டைத் தள்ளினால், "சரிங்க" என்று எடுத்துப் போய்விடுவாள். இந்த வீட்டில் 'சரிங்க' என்ற வார்த்தையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலில் பாதிரி ஐயர் என் பேரைச் சொல்லி ஜெபித்தார். "உமது சித்தம் எதுவானாலும் அந்தக் குடும்பத்தைத் தாங்கும்" என்றார். நான் மூன்றாவது வரிசையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், அவர் எனக்குப் பிறகு குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்பதற்குப் போய்விட்டார். ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதி ஆராதனையில் எழுந்து வந்துவிட்டேன்.

வேலைக்குப் போனால் அங்கேயும் இதே கதை. தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் போனால், கத்திக்கொண்டிருந்த ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். யாராவது என்னோடு ஒரு நல்ல சண்டை போட மாட்டார்களா என்று ஏங்கினேன். நான் பிழைக்க மாட்டேன் என்று ஊரே கூடித் தீர்மானித்துவிட்டு, என்னிடம் மட்டும் சொல்லாமல் மறைப்பதுபோல் இருந்தது.

4. பேரமில்லாத பேரம்

உடம்பு தேறியதும் சாயபு என்னை மறுபடி சந்தைக்கு அனுப்பினார். வண்டியில் போகச் சொன்னார், பாரம் தூக்கக் கூடவே ஓர் ஆளையும் அனுப்பினார். துண்டுக்குள் கை போனால் பழைய ஆளாகிவிடுவேன் என்று நம்பிப் போனேன்.

மஸ்தான் என் கையைப் பிடித்தான். நான் அடிமாட்டு விலைக்கு விரலை அமுக்கினேன். வழக்கமாக அந்த விலைக்கு அவன் என் ஏழு தலைமுறையையும் இழுப்பான். அன்று கையை மெதுவாக எடுத்துவிட்டு, "எடுத்துக்கோ" என்றான். அடுத்து கையைப் பிடித்த வியாபாரிகளும் அப்படியே செய்தார்கள். வாரா வாரம் இதுதான் நடந்தது.

சாயபுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "யேசுபாதம், உன் கையில பரக்கத் வந்துருச்சு, தொட்டதெல்லாம் லாபமா வருது. இனிமே எல்லாச் சந்தைக்கும் நீயே போ" என்றார். எனக்கு அது பெருமையாக இல்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று மஸ்தானை ஒரு நாள் டீக்கடையில் மடக்கிக் கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைக் காட்டினான்.

"கையப் புடிச்சா என் கட்டைவெரல் உன் மணிக்கட்டுல உக்காருது. உன் நாடி ஓடுது, நிக்குது, திடீர்னு குதிக்குது. குருவியப் புடிச்சிருக்கிற மாதிரி இருக்குதுப்பா. அத்தப் புடிச்சினு நான் எப்படி ஜாஸ்தி கேக்குறது? பேஜாரா இருக்குது."

"எல்லாரும் இதான் சொல்றாங்களா?"

"எல்லாரும்தான். உன் சாயபுவுக்கே தெரியுமே."

அன்று ஆம்பூருக்கு வந்ததும் நேரே சாயபுவின் கிடங்குக்குப் போய், தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்பா" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "நானா கேட்டேன்? அவங்களா குடுக்குறாங்க. உனக்கும் கத்துற வேலை மிச்சம். இன்னா கெட்டுப் போச்சு?"

"என் சாவைக் காட்டித் தோல் வாங்குறீங்களே முதலாளி!"

"சத்தம் போடாதே. கோபம் உடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

டாக்டர் சொன்னதை எனக்கு எதிராகவே எடுத்து வீசினார். கிடங்கில் அடுக்கி வைத்திருந்த தோல்களைப் பார்த்தேன். அத்தனையும் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த சரக்கு. ஒன்றையும் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

5. துண்டை எடுத்தேன்

அடுத்த சந்தையில் மஸ்தான் துண்டைப் போட்டதும் நான் அதை உருவிக் கீழே எறிந்தேன். கையையும் கொடுக்கவில்லை. "இனி வாயாலயே விலை பேசு" என்று சொல்லி, முதல் கட்டுக்கு என் விலையை உரக்கச் சொன்னேன்.

சந்தையே நின்றுவிட்டது. ஒருவன் விலை வெளியே தெரிந்தால் அன்றைக்கு எல்லோருடைய விலையும் கெட்டுப்போகும். அப்படி ஒரு காரியத்தை அங்கே யாரும் செய்ததில்லை. நான்கு பக்கமும் ஆட்கள் எழுந்து வந்தார்கள்.

"அடப்பாவி, எங்க வயித்துல அடிக்கிறியா?" என்று கத்தினான் மஸ்தான். "இன்னா திமிரு உனக்கு! சீக்குன்னா இன்னா வேணா பண்ணலாமா?"

"நானாடா சீக்கக் காட்டினேன்? நீங்கதான்டா பிச்சை போட்டீங்க!"

"பிச்சையா? பாவம்னு பாத்தா பிச்சைங்கிறியா? போடா!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவன் என்னை 'டா' போட்டுப் பேசினான். நானும் விடவில்லை. அவன் தோலையும் அவன் தராதரத்தையும் சேர்த்துக் கிழித்தேன். நெஞ்சு தாறுமாறாக அடித்தது. மூச்சு வாங்கி, உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். மஸ்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போதும் திட்டுவதை நிறுத்தவில்லை.

நான் குடித்து முடித்ததும் அவன் இடுப்புக் கத்தியை எடுத்தான். தன் தோள்பையின் வாரில் தொங்கிய நுனியை, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட நல்ல தோலை, இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்தான். என் மணிக்கட்டில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டான். அதன் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"இப்ப ஒண்ணும் தெரியல" என்றான். கீழே கிடந்த துண்டை உதறி எங்கள் கை மேல் போட்டான். "பேசு."

பேசினேன். அவன் என்னை மொட்டையடித்துவிட்டான். அவ்வளவு கேவலமாக நான் அதுவரை எவனிடமும் தோற்றதில்லை. ஆம்பூரில் சாயபு சரக்கின் விலையைக் கேட்டுவிட்டு, "இன்னாடா வெல இது? பைத்தியமா உனக்கு?" என்று கிடங்கு அதிரக் கத்தினார். "பேரம்னா அப்படித்தான் இருக்கும், முதலாளி. வேணும்னா வேற ஆளைப் பாருங்க" என்று நானும் கத்தினேன். அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை.

6. வீட்டில்

சலோமி மணிக்கட்டில் இருந்த வாரைப் பார்த்து என்னவென்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். சந்தை நடுவில் கத்தினேன், மூச்சு வாங்கி உட்கார்ந்தேன் என்று சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்தாள்.

"அறிவிருக்குதா உனக்கு? அங்கயே செத்து கித்து போயிருந்தா நான் இன்னா பண்றது?"

அந்த வீட்டில் சாவு என்ற வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாக ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குது சலோமி" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லியா?" என்று இன்னும் உரக்கக் கத்தினாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. அதற்காகவும் சண்டை போட்டோம்.

இதய நோயோடு இத்தனை வருடம் எப்படி வேலை பார்த்தாய் என்று கேட்கிறார்கள். மருந்து சாப்பிட்டேன், பாரம் தூக்கவில்லை. கோபத்தை மட்டும் நான் குறைக்கவில்லை, அது என் உடம்போடு வந்தது. உங்களோடு வேலை செய்கிற ஒருவனுக்கு இந்த மாதிரி நோய் வந்தால், அவன் மூட்டையை நீங்கள் தூக்குங்கள். ஆனால் அவனிடம் குரலைத் தாழ்த்தாதீர்கள். பேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மஸ்தான் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. வார் நைந்துபோனால், புதிதாக ஒன்றை அவனேதான் அறுத்துக் கட்டுகிறான்.