டீச்சர் வீட்டுக்கு ஓட்ஸ் பிஸ்கோத்து

போன வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து குப்குப்பென்று புகை வந்தது. பேப்பரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். என் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க. தீ இல்லை... பிஸ்கோத்து!"

பிஸ்கோத்து என்பது கடையில் வாங்குகிற சாமான். காய்ச்சல்காரர்கள் காப்பியில் நனைத்துத் தின்பது. அதைப் போய் வீட்டில் யாராவது செய்வார்களா? என் தங்கை செல்லம் செய்வாள்.

செல்லத்தின் புருஷன் மலேயாவில் ரப்பர் எஸ்டேட் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிற குமாஸ்தா. ஒரு கலியாணத்துக்காக அவள் மட்டும் ஊருக்கு வந்தாள். வந்த இடத்தில் சண்டை மூண்டது. ஜப்பான்காரன் மலேயாவுக்குள் புகுந்தான். கப்பல் நின்றது. கடிதமும் நின்றது.

அன்றிலிருந்து செல்லத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள். மடித்த புடவையை உதறி மறுபடி மடிப்பாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவாள் — வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்!

இது ஒட்டுவாரொட்டி நோய். இப்போதெல்லாம் நானும் உட்கார்ந்து பேப்பர் படிப்பதில்லை. நடந்துகொண்டேதான் படிக்கிறேன். நாற்காலியில் இடித்துக்கொள்கிறேன்.

சரி, பிஸ்கோத்துக்கு வருவோம். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஞானம்மாள் டீச்சர் இருக்கிறார். புருஷன் இல்லை. ஒரே மகன் டேவிட், பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் டீச்சர் ஓட்ஸோடு சுக்கும் பட்டையும் கிராம்பும் இடித்துப் போட்டு பிஸ்கோத்து சுடுவார். கடித்தால் அப்பளம் போல நொறுங்கும். வண்ணக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுப்பார். போன வருஷம் செல்லம்தான் கூடமாட ஒத்தாசை செய்தாள்.

இந்தக் கார்த்திகையில் அந்த வீட்டுக்குத் தந்தி வந்தது. டேவிடைக் காணவில்லை என்று. அவ்வளவுதான் செய்தி.

டீச்சர் அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனார், வந்தார், கதவைச் சாத்திக்கொண்டார். ஆறுதல் சொல்லப் போனவர்களிடம் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிவிட்டார். பண்டிகை நெருங்கியும் அந்த வாசலில் காகித நட்சத்திரம் ஏறவில்லை.

"அண்ணே, டீச்சரம்மா இந்த வருஷம் பிஸ்கோத்து சுட மாட்டாங்க. நான் சுட்டுக் கொண்டுபோய்க் குடுக்கப் போறேன்" என்றாள் செல்லம்.

"ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? அவுக மனசு எம்புட்டு நொந்து கெடக்கு! பலகாரத்தைத் தூக்கிக்கிட்டுப் போறதுக்கு அது என்ன கலியாண வீடா?"

"அப்ப எழவு வீடாண்ணே?"

செல்லமே மேலே சொன்னாள்:

"காணலைன்னுதானே தந்தி சொல்லுது? இல்லைன்னு சொல்லலியே! ஆளைக் காணாத வீடெல்லாம் எழவு வீடுன்னா... நம்ம வீடு என்ன வீடு?"

"ஓட்ஸுக்கு எங்கே போவே?" என்று பேச்சை மாற்றினேன்.

அலமாரியைக் காட்டினாள். என் வயிற்றுப் புண்ணுக்காக டாக்டர் சொல்லி வாங்கிய சீமை ஓட்ஸ் டப்பா! அந்தக் கஞ்சிக்கு வயிற்றுவலியே தேவலை என்று நான் தொடாமல் வைத்திருந்தது. இனி ஆட்சேபிக்க முடியுமா?

ரேஷனில் மிச்சம் பிடித்த சீனியை என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். வீட்டு வெண்ணெய் இருந்தது. கரி அடுப்பில் தட்டை வைத்து, மேலே ஒரு மூடி, மூடியின் மேல் கங்கு. முதல் ஈடு வெந்துகொண்டிருக்கும்போது தெருவில் ஏதோ சத்தம் கேட்டது. தபால்காரரோ என்று செல்லம் வாசலுக்கு ஓடினாள். யாரோ யாரையோ கூப்பிட்ட சத்தம். திரும்பி வருவதற்குள் அத்தனையும் கரி. நான் பார்த்த புகை அதுதான்.

அடுத்த ஈடு கருகிவிடுமோ என்று பயந்து, நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்தாள். சூடு நின்றால்தானே? மார்கழி ஈரம் வேறு. பிஸ்கோத்து அதிரசம் மாதிரி வளைந்தது.

"விடிஞ்சா பண்டிகை. மதினி, மிச்ச மாவு இம்புட்டுத்தான் இருக்கு" என்றாள் என் மனைவியிடம்.

நான் சட்டையை மாட்டினேன். "கெளம்பு. கோரிப்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ரொட்டிக்கடை பாய் இருக்காரு."

குதிரை வண்டியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டும் வரை "இன்னும் வெரசாப் போகச் சொல்லுண்ணே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பாய் மாவைப் பார்த்தார். "என்னண்ணே இது, குதிரைக்குப் போடுற தீனி மாதிரி இருக்கு?"

"எனக்கும் டாக்டர் இதைத்தான் போடுறாரு பாய்!"

சிரித்துக்கொண்டே தட்டை வாங்கி, ரொட்டி இறக்கின அடுப்புக்குள் தள்ளினார். செல்லம் அடுப்பு வாய்க்கு எதிரே போய் நின்றாள். ரொட்டி வாங்க வந்த ஆண்களெல்லாம், இதென்ன ஒரு பொம்பளை இங்கே என்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அசையவில்லை. முகத்தில் நெருப்பு வெளிச்சம். என் தங்கை ஒரே இடத்தில் நின்று பார்த்து எத்தனை மாதமாயிற்று!

நான்தான் வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வண்டிக்காரன் கேட்டான்: "என்னங்கய்யா, உள்ளே பிரசவமா?"

தட்டு வெளியே வந்தது. நல்ல பழுப்பு. ஆறட்டும் என்று காத்திருந்து, ஒன்றை எடுத்து ஒடித்தாள் செல்லம். படக்! எனக்கே உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் தெருவிலேயே நின்றுகொண்டேன். கதவு பாதி திறந்தது. டீச்சர் அவள் கையிலிருந்த பிஸ்கோத்து டப்பாவைப் பார்த்தார்.

"இந்த வருஷம் எங்க வீட்டுல கிறிஸ்மஸ் இல்லை செல்லம். எடுத்துட்டுப் போயிரும்மா."

கதவு மூடப் போயிற்று. செல்லம் அதில் கை வைத்தாள்.

"கிறிஸ்மஸ் கெடக்கட்டும் டீச்சரம்மா. பதம் சரியா வந்திருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. உங்க கைப்பக்குவம் எனக்கு வரலை."

பரீட்சைப் பேப்பரை நீட்டினால் திருத்தாமல் அனுப்புகிற வாத்தியார் உண்டா? டீச்சர் ஒன்றை எடுத்தார். கடித்தார். நொறுங்கிய சத்தம் தெருவில் நின்ற எனக்குக் கேட்டது. வெகுநேரம் மென்றார்.

"கிராம்பு கூடிப்போச்சு" என்றார். அப்புறம் கையிலிருந்த மிச்சத்தைப் பார்த்தார். "டேவிடுக்குக் கிராம்பு தூக்கலா இருந்தாத்தான் பிடிக்கும்..."

"அப்பச் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றாள் செல்லம்.

டீச்சர் அவள் தோளில் சாய்ந்துவிட்டார். தந்தி வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. நான் மெள்ள வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

நட்சத்திரம் கட்டவில்லை. ஆனால் மறுநாள் கோயிலிலிருந்து திரும்பியதும் டீச்சரும் செல்லமுமாகப் பொட்டலம் கட்டினார்கள். வீட்டுக்கு இரண்டே பிஸ்கோத்து. ஒரு வீடு விடாமல் போனார்கள். நடுத்தெருவில் தபால்காரர் எதிரே வந்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பப் போனவரை இரண்டு பேருமாக நிறுத்தினார்கள்.

"இன்னிக்கும் உங்களுக்கு ஒண்ணும் வரலைம்மா" என்றார், ஏதோ தான் செய்த குற்றம் போல.

"தெரியும்" என்றார் டீச்சர். "இது உங்களுக்கு."

அந்த மனிதர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இதை எழுதுகிற வரைக்கும் இரண்டு வீட்டுக்கும் சேதி வரவில்லை. செல்லம் இன்னமும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துதான் போகிறாள். ஆனால் சாயங்காலமானால் டீச்சர் வீட்டுக்குப் போய்விடுகிறாள். இருவருமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துகிறார்களாம். கவலை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கவலைக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது, அதுவே போதாதா?

ஓட்ஸ் தீர்ந்துபோயிற்று. கடையிலும் இல்லை. பொங்கலுக்குக் கம்பு மாவில் சுட்டுப் பார்க்கப் போகிறார்களாம்.

கல்லாக வந்தாலும் பரவாயில்லை... பல்லைக் கடித்துக்கொண்டிருக்க நாங்கள்தான் பழகிவிட்டோமே!