என் தம்பி அடித்த கோல்

என் வீட்டுக்காரர் காலையில் ரப்பர் பால் வெட்டுவார். சனி, ஞாயிறு வந்தால் டவுன் ஃபுட்பால் கிளப்புக்குக் கோல் கீப்பராக நிற்பார். மேட்சுக்கு மேட்ச் காசு கொடுத்து, பூட்ஸும் வாங்கிக் கொடுத்து அவரை வைத்திருந்தார்கள். அந்த டீமில் தமிழர் அவர் ஒருவர்தான். பந்து கிட்டே வந்தால் சிங்களத்தில்தான் கத்துவார். சில நாள் தூக்கத்திலும் கத்துவார். முதுகில் ஒன்று வைத்தால் அடங்கிவிடுவார்.

எங்கள் ரப்பர் தோட்டத்து டீமில் கோல் அடிக்கிறவன் என் தம்பி. எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் இவரை நிற்கவைத்து அடித்து அடித்துத்தான் ஆட்டம் பழகினான். வாய்க்கு வாய் மச்சான்தான். இரண்டு பேரும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து ஆட்டக் கதை பேசினால், கறி ஆறிப்போனதுகூடத் தெரியாது.

போன வருஷம் கேகாலைப் பக்கம் நடந்த போட்டியில் டவுன் கிளப்பும் எங்கள் தோட்டமும் மோதின. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் தம்பி தூரத்திலிருந்து ஒன்று அடித்தான். பந்து இவர் கையில் பட்டு, வழுக்கி உள்ளே போய்விட்டது. தோட்டம் ஜெயித்தது.

மச்சினனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான் என்று டவுன்காரர்கள் ஏசினார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் லயத்து ஆட்கள் கோல் அடித்த தம்பியை விட்டுவிட்டு இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்! "என்னா இருந்தாலும் நம்ம ஆளுல்ல, விட்டுக் குடுத்துட்டீங்களே!" என்று கங்காணி கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் விடலீங்க, வழுக்கிருச்சு" என்று இவர் சொல்லச் சொல்ல, அவர்கள் கண்ணடித்துச் சிரித்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாசலிலேயே நின்று எல்லோரையும் நன்றாகக் கேட்டுவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குப் பிச்ச போட்டீங்களா மச்சான்?" என்றான். இவர் சாமி மேல் சத்தியம் பண்ணியும் அவன் நம்பவில்லை. அன்றோடு எங்கள் வீட்டில் கை நனைப்பதை விட்டான். பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். கூடப் பிறந்தவனிடம் நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன்.

டவுன் கிளப் இவரைக் கொஞ்ச நாள் வெளியே உட்காரவைத்தது. புதுக் கீப்பர் சரியில்லை என்றதும் திரும்பக் கூப்பிட்டார்கள். அதெல்லாம் இவருக்குப் பெரிதாகப் படவில்லை. "அவன் அடிச்ச அடி அப்பிடி. இத நான் சொன்னா அவனே நம்ப மாட்டேங்கிறானே" என்று தட்டில் கையை வைத்துக்கொண்டே புலம்புவார். எனக்குப் பாவமாக இருக்கும்.

இந்த வருஷமும் அதே இரண்டு டீம்தான் மோதின. ஆட்டம் சமமாக இருந்தபோது தோட்டத்துக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்தவன் என் தம்பி. "இந்த வாட்டியும் ஒங்க வீட்டுக்காரரு விட்ருவாரு" என்று பக்கத்தில் நின்றவள் என் இடுப்பில் இடித்தாள். யாருக்காகச் சாமியை வேண்டிக்கொள்வது?

தம்பி மூலையைப் பார்த்து ஓங்கி அடித்தான். நல்ல அடி. இவர் உடம்பை நீட்டிப் பாய்ந்து, விரல் நுனியால் பந்தை வெளியே தட்டிவிட்டுச் சேற்றில் விழுந்தார்.

தோட்டத்து ஆட்களில் நான் மட்டும் கை தட்டினேன். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு திடீரென்று இவரை நோக்கி ஓடினான். சண்டைக்குத்தான் போகிறான் என்று பயந்து நானும் மைதானத்துக்குள் இறங்கி ஓடினேன்.

போய்ப் பார்த்தால், சேற்றில் கிடந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறான்.

"அப்ப போன வருஷம் அடிச்சது என் கோலுதானே மச்சான்?"

"ஒன் கோலுதான்டா" என்றார் இவர். ரெஃப்ரி விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.