மூடியக்கா குடிக்காத தண்ணீர்

அந்தத் தெருவில் போய் "மூடியக்கா கடை எது?" என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிற தையல் கடை. உள்ளே ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், சீருடைத் துணி மூட்டைகள், அவ்வளவுதான். அளவு கொடுக்க வந்தவர் உள்ளே நின்றால், கூடவே வந்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டையும் பாவாடையும் தைத்துத் தைத்தே அவளுக்கு முதுகு வளைந்துவிட்டது.

மூடியக்கா என்பது அப்பா அம்மா வைத்த பேரா என்ன? தெரு வைத்த பேர். தண்ணீர் பாட்டில் வாங்கினால் கடைக்காரர் முகத்துக்கு எதிரிலேயே மூடியைக் காதோரம் வைத்துத் திருகுவாள். வளையம் அறுந்து டிக்கென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் தொலைந்தது.

"யார் வாய் வெச்ச பாட்டில்யா இது? எந்தக் குழாயில புடிச்ச?"

"அக்கா, பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு சோதிக்க மாட்டாங்கக்கா" என்று மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவள் வீட்டில் நடந்தது அவளுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். நன்றாக இருந்த மனுஷன், கால் வீங்கி, முகம் ஊதி, ஒரு நாள் ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அப்புறம் டயாலிசிஸ், ஊசி, ஆஸ்பத்திரி பெஞ்சு. ஊசி குத்திக் குத்தி அவர் கை துவண்டு, ஒரு சட்டைப் பொத்தானைப் போடக்கூடப் பிடிமானம் இல்லாமல் போனது. கடைசியில் அவளுடைய சிறுநீரகம் பொருந்தும் என்று டாக்டர் சொன்னார். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"இதுல என்ன சார் யோசனை? எடுத்துக்குங்க" என்றாள். பாவாடைத் துணியில் ஒரு முழம் கிழித்துக் கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து டிரைவர் நடமாடுவது அவள் கொடுத்த ஒன்றை வைத்துத்தான். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரையோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும். "அடுத்தவங்களுக்கு வயித்துப்போக்குன்னா ரெண்டு நாள் கஷ்டம். இவருக்குன்னா கிட்னியே காஞ்சு போயிடும்மா. தண்ணியில ஜாக்கிரதை" என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது ஒரு தடவைதான். இவள் அதைத் தினம் பத்துத் தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள். தூர தேசத்தில் வேலை. "அப்பா பொழைச்சு எழுந்ததை நாம இன்னும் கொண்டாடவே இல்லம்மா" என்று போனில் ஆரம்பித்து, எங்கோ ஒரு வெளிநாட்டு ஆற்றில் போகிற உல்லாசக் கப்பலில் இருவருக்கும் இடம் போட்டுவிட்டாள்.

"போடி இவளே! தண்ணி மேலயே போயி தண்ணியாலயே சாகவா?" என்று இவள் கத்தினாள்.

டிரைவர்தான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒரே ரோட்டத்தான் பாத்தேன். ஒரு தடவை வேற யாராவது ஓட்டட்டுமே. நான் ஜன்னலோரம் உக்காந்து வரேன்."

அதற்கு மேல் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பெட்டி கட்டினாள்.

கப்பல் என்றால் கடல் கப்பல் மாதிரி மலையாக இல்லை. இரண்டு தளம், நடுவில் சாப்பாட்டுக் கூடம், ஓரமாக வரிசையாக அறைகள். அறையில் கட்டில், ஒரு மேசை, தண்ணீர் சுட வைக்கிற கெட்டில், மூலையில் ஆள் நின்று திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. கூட்டத்தை அழைத்து வந்த டூர் மேடம் முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பல் விளக்கவும் பாட்டில் தண்ணீர்தான், ஐஸ் கட்டி வேண்டாம், வெட்டி வைத்த பழம் வேண்டாம், குளிக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூடியக்கா மட்டும் தன் பாட்டை வேறு யாரோ பாடுகிற மாதிரி தலையாட்டிக் கேட்டாள்.

அறைக்கு வந்ததும் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பட்டையை எடுத்து வாஷ்பேசின் குழாயின் கழுத்தில் கட்டினாள். மறந்துபோய்க்கூட அவர் கை வைக்கக் கூடாதாம்.

"என்னம்மா, குழாயைக் கைது பண்ணிட்டியா?"

"பேசாம இருங்க. உங்களுக்கென்ன, உள்ள இருக்கிறது என்னோடது. எனக்குத்தான் பதறும்."

காலையில் கப்பல்காரர்கள் கொடுக்கிற பாட்டில்களை அவளே திறப்பாள். டிரைவரின் கைக்குத்தான் திருக வலுவில்லையே. டிக் சத்தத்தைக் கேட்டு, திருப்தியாகி, லேசாக மூடி மேசையில் வைப்பாள். அவர் வேண்டும்போது விரலால் தட்டினாலே மூடி கழன்றுவிடும். அதாவது அவர் கைக்கு வருகிற பாட்டில் எல்லாமே ஏற்கெனவே திறந்தது. சத்தம் கேட்டது அவள் காது மட்டும்.

இன்னொரு சிக்கல் இருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சொல்லாமலும் முடியாது. கழிவறையில் காகிதம் மட்டும்தான். கையில் பிடிக்கிற குழாய் இல்லை, வாளி இல்லை, மொள்ள ஒரு மக் இல்லை. காகிதத்தால் துடைத்துவிட்டு வருவது இந்தத் தம்பதிக்குச் செத்தாலும் ஆகாது. தையல்காரிக்கு வெட்டுத் துண்டைக்கூடத் தூக்கிப் போட மனசு வராதே, பாட்டிலை மட்டும் போடுவாளா? காலிப் பாட்டில் இரண்டில் லேபிளைக் கிழித்துவிட்டு, பேசின் குழாயில் நிரப்பி, கழிவறைத் தரையில் வைத்தாள். கழுவ வசதியாகிவிட்டது. இரண்டு பேரும் நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்து, கரையில் போகிற மாடுகளையும் படகுகளையும் பார்த்தார்கள். டிரைவர் எதிரே வருகிற படகுக்கெல்லாம் தன்னையறியாமல் வலது காலால் பிரேக் அழுத்தினார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அறை சுத்தம் செய்கிற பெண் வந்தாள். நல்ல பெண், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குளியலறைத் தரையைத் துடைத்தாள். தரையில் நின்ற இரண்டு பாட்டிலையும், பாவம் குடிக்கிற தண்ணீரைக் கீழே வைத்திருக்கிறார்களே என்று நினைத்தாளோ என்னவோ, வெளிப்பக்கம் துடைத்து மேசையில் மற்ற பாட்டில்களோடு வரிசையாக அடுக்கிவிட்டுப் போனாள்.

மூடியக்கா மேல் தளத்திலிருந்து இறங்கி வந்தபோது டிரைவர் மாத்திரை போட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் பாட்டில். லேபிள் இல்லாத பாட்டில். பாதிக்கு மேல் காலி.

"என்னங்க... இது எங்க இருந்துச்சு?"

"மேசை மேலதான். ஏன்?"

அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். தரை பளபளவென்று இருந்தது, பாட்டில் இல்லை. எந்த மூடியும் அவர் கைக்குச் சத்தம் போடாதபடி செய்துவைத்தது யார்? அவள்தான். குழாயைக் கட்டிப்போட்டுவிட்டு, அதே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவைத்தது யார்? அதுவும் அவள்தான்.

அவரிடம் சொன்னால் பயத்திலேயே வயிறு கலங்கிவிடும் என்று நினைத்து, டூர் மேடத்தைத் தேடி ஓடினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். எதற்கு வைத்திருந்த தண்ணீர் என்று சொல்கிற இடத்தில் மட்டும் குரல் தரைக்குப் போனது.

"அக்கா, பதறாதீங்க. கப்பல் குழாய்த் தண்ணியும் சுத்தம் பண்ணித்தான் விடுறாங்க. குடிக்க வேண்டாம்னு சொல்றது ஒரு எச்சரிக்கைக்குத்தான்."

"அது உங்களுக்கு மேடம். அவருக்கு?"

மேடத்தின் முகம் மாறியது. உடனே போன் போட்டார். அடுத்த ஊருக்குக் கப்பல் மறுநாள்தான் போய்ச் சேரும். அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, சொல்லி வைக்கிறேன், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

விடியும்போது டிரைவர் வாந்தி எடுத்தார். பிறகு வயிறு பிடுங்கியது. கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து, ஒரு கட்டத்தில் நடக்கவே முடியாமல் சுவரைப் பிடித்து நின்றார். போட்ட மாத்திரையும் வெளியே வந்துவிட்டது. கெட்டிலில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, கரண்டி கரண்டியாக அவர் வாயில் ஊற்றினாள். ஊற்றும்போதே மனசுக்குள் ஒரு சபதம் போட்டாள். இவருக்கு நிற்கிற வரைக்கும் என் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது.

யார் கேட்டார்கள் இந்தச் சபதத்தை? அவர் கேட்டாரா, டாக்டர் கேட்டாரா? நம்மில் சிலருக்கு இது ஒரு வியாதி. தப்பு செய்துவிட்டால் நம்மை நாமே வாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் பிழைத்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அவளைப் பிடித்து உலுக்கி நாலு வார்த்தை திட்ட ஒருத்தர் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாரே என்று இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

ஆஸ்பத்திரியில் பேசுகிற பாஷை ஒன்றும் புரியவில்லை. டூர் மேடம் கூடவே நின்று இரண்டு பக்கமும் மொழி மாற்றிச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டபோது மூடியக்கா எல்லாவற்றையும் டிரைவர் காதுபடவே சொல்லிவிட்டாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"கக்கூஸ் பாட்டிலா அது?" டிரைவர் அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தார். "அடப் போம்மா. பஸ் ஓட்டின காலத்துல நான் குடிக்காத தண்ணியா?"

ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் தடுமாறுகிறது, இன்னும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ரத்தத்தில் உப்பின் அளவு இன்னும் ஏறியது. மூடியக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக அனல் அடித்தது. மேடம் பாட்டில் நீட்டினால் "அப்புறம், அப்புறம்" என்று ஓரமாக வைத்தாள். ரொட்டியைக் கடித்தால் நாக்கில் ஒட்டிக்கொண்டது. உதடு வெடித்தது. சிறுநீர் கழிக்கப் போக வேண்டிய அவசியமே வராமல் போனது. அவர் பக்கத்திலிருந்து எழுந்திருக்க வேண்டாமே என்று அதற்காகச் சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி.

"என் கைதான்... என் கையாலதான்..." என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். மகள் போனில் அழுதாள்.

அதற்கும் மறுநாள் காலையில் டிரைவருக்கு வயிற்றுப்போக்கு நின்றது. காய்ச்சல் விட்டது. மத்தியானம் மேடம் காகிதத்தோடு நடைபாதையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா! உப்பு இறங்கிடுச்சுக்கா! சாருக்கு நல்லா வந்துருச்சு, கிட்னி தப்பிச்சிருச்சு!"

மூடியக்கா அதை நின்று கேட்க எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கட்டில் கம்பியில் தலை இடித்த சத்தம்தான் டிரைவருக்குக் கேட்டது.

கண் திறந்தபோது அவர் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தாள். கையில் ஊசி. டாக்டர் இரண்டு மூன்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேடத்திடம் நீளமாகப் பேசினார். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். டிரைவர் குளுக்கோஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு மனைவியின் கட்டிலுக்கு வந்து நின்றார்.

"என்ன மேடம்? மயக்கம்தானே? சாப்பிடாததால வந்த மயக்கம்தானே?"

"சார்... அக்கா எத்தனை நாளா தண்ணி குடிக்கலன்னு கேக்குறாரு."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவங்களுக்கு இருக்கிற ஒரு கிட்னியும் வேலை செய்யல சார். ஒட்டக் காஞ்சு போயிருக்கு. உடனே டயாலிசிஸ் பண்ணணுமாம். அது திரும்ப வேலை செய்யுமா, செய்யாதான்னு இப்ப சொல்ல முடியாதாம்."

"உங்களுக்கு நின்னுடுச்சுல்ல?" என்றாள் மூடியக்கா. குரல் வெறும் காற்றாக வந்தது.

"அடிப்பாவி" என்றார் டிரைவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"மேடம், டாக்டர்கிட்ட கேளுங்க. எனக்குள்ள இருக்கிறது அவளோடதுதான். அவ உடம்பு அதை வேணாம்னு சொல்லாதுல்ல? எடுத்து அவளுக்கே வெச்சிடச் சொல்லுங்க. கேளுங்க மேடம்!"

"மேடம், கேக்காதீங்க" என்றாள் மூடியக்கா.

மேடம் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார். டாக்டர் ஒன்றும் புரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவர் எழுந்து அவர் எதிரில் போய் நின்றார். பிடிமானம் இல்லாத விரல்களால் ஆஸ்பத்திரிச் சட்டையை இழுத்து இழுத்து மேலே தூக்கி, அடிவயிற்றுத் தழும்பைத் தட்டிக் காட்டி, அவள் கிடந்த கட்டிலைக் காட்டி, மறுபடி தழும்பைக் காட்டி, தன் பாஷையிலேயே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.