முள்ளு போட்ட பாஸ்வேர்ட்

அந்தத் தெருவில் முள்ளு என்று கேட்டால்தான் அவன் வீட்டைக் காட்டுவார்கள். ஒருமுறை அவன் முறைத்த முறைப்பில் முச்சந்தி விளக்கு பச்சையிலிருந்து நேரே சிவப்புக்குத் தாவிவிட்டது. நடுவில் எரிய மஞ்சளுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தொழில், பல் செய்வது. செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, மாடியில் ஒரே நீள அறை. எங்கே கை வைத்தாலும் வெள்ளை மாவுத் தூசி ஒட்டும். ஒரு மூலையில் பல் சுடும் அடுப்பு, இன்னொரு மூலையில் கொசுக்கூட்டம் மாதிரி ரீங்கரித்துக்கொண்டு பல் கடையும் மெஷின். அலமாரி முழுக்க யார் யாருடைய தாடை அச்சுகளோ இளித்துக்கொண்டு நிற்கும். அந்த அறையில் பல்லைக் காட்டிச் சிரித்தது அவை மட்டும்தான்.

அந்தப் பல் பட்டறைக்குச் சொந்தக்காரி அண்ணி. அவள் புருஷன், அதாவது முள்ளுவின் அண்ணன், அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். தம்பிக்கும் பெண்டாட்டிக்கும் குரல் உயர்ந்தால் அடுப்புக்குப் பின்னால் போய்க் குனிந்துகொள்வார். அப்படிக் குனிந்து குனிந்தே ஆள் அரை அடி குள்ளமாகிவிட்டார். முள்ளு ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வாயின் படத்தைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பல்லுக்கு உருவம் கொடுப்பான். அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு அந்த நாற்காலிதான் எல்லாம்.

அவன் பிடிவாதத்துக்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடியது. "உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணா திறந்து பாக்கலாம். ஒளிவு மறைவு கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பிரசங்கம் செய்வான். ஆனால் பல்லைச் சுழற்றப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள நடுவில் டிரைவர் என்று ஒரு தரகன் வேண்டும். லினக்ஸோடு வருகிற திறந்த டிரைவரை நம்பினால், ஒரு பல் திரும்பி முடிவதற்குள் நோயாளிக்கு மீதிப் பல்லும் கொட்டிவிடும். கார்டு கம்பெனியின் டிரைவரோ, உள்ளே இருப்பதை யாருக்கும் காட்டாமல் மூடிக் கொடுத்தது. அதைத்தான் போட்டிருந்தான். போட்ட நாளிலிருந்து வெளியே சொல்ல வெட்கம். யாராவது கேட்டால் "அந்தத் திருட்டுப்பயல தற்காலிகமா வெச்சிருக்கேன்" என்பான். அந்தத் தற்காலிகத்துக்கு மீசை முளைத்து நரைக்கவும் தொடங்கிவிட்டது.

ஒரு காலையில் லினக்ஸ் தன்னை அப்டேட் செய்துகொண்டு எழுந்தது. திருட்டுப்பயல் எழவில்லை. திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதிக் கிடந்தது. பல் வரையும் மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்றது. அவர்களிடம் பல் செய்யக் கொடுக்கும் டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஒரு மேடைப் பாடகி முன்பல் இல்லாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். அவள் வாயின் அளவு முழுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான்.

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கூடவே அவள் தம்பி, விரலிடுக்கில் ஒரு பென் டிரைவ்.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள பாடகியோட பல்லு திரையில வரணும். வரலன்னா உன் லினக்ஸ அழிச்சிட்டு, ஊரு உலகம் வெச்சிருக்கிறதப் போட்டுக்கறோம். நாற்காலி இவனுக்கு. நீ உங்க அண்ணன்கூட அடுப்புக்குப் போ."

"உங்க தம்பிக்கு மவுஸ் எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியுமா அண்ணி?"

"தெரியும் மச்சான்" என்றான் அவள் தம்பி. "உங்கள மாதிரி கறுப்புத் திரையில ஒப்பாரி எழுதத்தான் தெரியாது."

அடுப்புக்குப் பின்னால் அண்ணனின் தலை இறங்கியது.

முள்ளு டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தான். பழைய டிரைவரைத் துடைத்தான். திறந்த டிரைவர் முந்திக்கொண்டு நுழையாதபடி அதற்குத் தடை போட்டான். புது டிரைவரை இறக்கினான். நடுவில் அது ஏதோ பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னது. கைக்கு வந்ததைத் தட்டினான். மறுபடி இயக்கினான். நீலநிறத்தில் ஒரு திரை எழும்பி, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று எண்ணத் தொடங்கியது.

லினக்ஸ்காரனுக்கு நீலத் திரை என்றால் எதிர் முகாமின் அவமானம். அங்கே கம்ப்யூட்டர் செத்தால்தான் நீலம் வரும். "என் மெஷின்லயா?" என்று பல்லைக் கடித்தான். அதில் எழுதியிருந்தது எதையும் படிக்கவில்லை. விசையைக் குத்தி, முதல் வரியிலேயே "தொடரு" என்று இருந்ததை அடித்து அதைத் துரத்தினான். பூசணிக்காய் எழுத்துகள் திரும்பி வந்தன.

எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் நீலம், மறுபடியும் துரத்தல், மறுபடியும் பூசணிக்காய்.

"மெஷினுக்கும் உன்னைப் பிடிக்கல" என்றாள் அண்ணி, அச்சு மாவு பிசைந்துகொண்டே.

கடைசியில்தான், வேறு வழியில்லாமல், டிரைவரைத் தனியாக ஏற்றிப் பார்த்துப் பிழைச் செய்தியைப் படித்தான். சாவி நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. அவன் காது மடல் சிவந்தது. செக்யூர் பூட் என்ற காவல்காரன், தனக்குத் தெரியாத கையெழுத்தோடு வரும் டிரைவரை வாசலிலேயே நிறுத்திவிடுவான். இந்தக் கையெழுத்தை நம்பலாமா என்று வீட்டுக்காரனிடம் கேட்கத்தான் அந்த நீலத் திரை வந்தது. வந்தவனை அவனே அடித்து விரட்டியிருக்கிறான், அதுவும் இரண்டு தடவை.

அந்தச் சாவியைப் பதிகிற கமாண்டைக் கொடுத்தான். பாஸ்வேர்ட் கேட்டது. அடுத்து வரும் நீலத் திரையில் இதே பாஸ்வேர்டைச் சொன்னால்தான் கதவு திறக்கும். அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் அண்ணியின் குரல்: "தம்பி, அந்த பென் டிரைவ்வ ரெடியா வெச்சுக்கோடா."

அவன் விரல்கள் கொதித்தன. மனசில் இருந்ததை அப்படியே தட்டினான். இரண்டாவது தடவையும் அதையே தட்டி உறுதி செய்தான். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவன் எதையும் தட்டியதில்லை.

மெஷினை மறுபடி இயக்கப் போகும்போது கிளினிக்கிலிருந்து போன். காலையில் அனுப்பிய பல் ஒன்று யாருக்கோ இடிக்கிறதாம். ராவிக் கொடுக்க உடனே ஆள் வேண்டுமாம். அந்த வேலை அவனுக்குத்தான் கைவரும்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் படிகளைத் திட்டிக்கொண்டே இறங்கினான்.

தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற குடும்பமா அது? அவன் தலை மறைந்ததும் அண்ணியின் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகி மெஷினை மறுபடி இயக்கினான். அழிக்கிற வேலை தொடங்கும் என்று பார்த்தால் நீலத் திரை வந்து நின்றது. பயத்தில் ஏதோ ஒரு விசையை அழுத்தினான். வரிசையாக என்னென்னவோ கேள்வி.

"அக்கா, இது என்னமோ சாவி, கீவின்னு கேக்குது."

"ஐயையோ, எதையும் அழிச்சுத் தொலைக்காதடா. பாடகியோட அளவு உள்ள இருக்கு." அப்போதுதான் அண்ணிக்கு அது உறைத்தது. வாசலில் கிளினிக்கின் வரவேற்புப் பெண் வேறு வந்து நின்றாள். பாடகிக்குக் காட்ட, பல்லின் படத்தைக் கையோடு வாங்கிவரச் சொல்லி டாக்டரம்மா அனுப்பியிருந்தாள்.

அண்ணி முள்ளுவைப் போனில் பிடித்தாள். பிடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீலமா ஏதோ வந்திருக்கு. என்ன பண்ணணும்?"

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"தொட்டாச்சு. சொல்லு."

கிளினிக் மூலையில் யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டிருந்த முள்ளு கண்ணை மூடிக்கொண்டான். "ரெண்டாவது வரி. சாவிய சேர்க்கறதுன்னு இருக்கும். அதுக்குள்ள போங்க. தொடருங்க. சம்மதம்னு குடுங்க."

"பாஸ்வேர்ட் கேக்குது."

போனில் ராவுகிற சத்தம் நின்றது.

"பாஸ்வேர்டுடா!"

"நான் வந்து போட்டுக்கறேன் அண்ணி."

"நீ எப்போ வர்றது? பொண்ணு வாசல்ல நிக்குது. சொல்றியா, இல்ல இவன அழிக்கச் சொல்லவா?"

"ஸ்பீக்கர எடுங்க முதல்ல."

"எடுக்க மாட்டேன். நீ தப்பாச் சொல்லிட்டு, அண்ணி தப்பா அடிச்சாங்கன்னு நாளைக்கு என் தலையில கட்டுவ. நாலு பேரு சாட்சியா கேக்கட்டும். சத்தமாச் சொல்லு."

ஒரு பக்கம் நாற்காலி. இன்னொரு பக்கம், உலகத்தில் அண்ணன், அண்ணி, முள்ளு என்று மூன்றே பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம். அண்ணியின் முன்பல் இரண்டும் அவள் பல் அல்ல. மாடிப்படியில் விழுந்து உடைந்தபோது, வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, முள்ளுதான் செய்து கொடுத்தான். கூடப் பிறந்த தம்பிக்கே தெரியாது.

முள்ளு நாற்காலியை எடுத்துக்கொண்டான்.

"பொய்ப்பல்முதலை" என்றான். "இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடம் விடக்கூடாது."

மெஷின் ரீங்காரம் நின்றதா, இல்லை எல்லோருடைய காதும் அடைத்துக்கொண்டதா தெரியாது. வரவேற்புப் பெண் அண்ணியின் வாயைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். அண்ணி வாயை இறுக்கி மூடியதே அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அலமாரியில் இருந்த தாடைகள் அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாகவே இளித்தன என்று அண்ணனே பிற்பாடு சொன்னார்.

அண்ணி தம்பியை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதலைக்கு டி மட்டுமா, டி ஹெச்சா?" என்றாள். அந்தக் குரலில் ஐஸ் கட்டி கிடந்தது.

"டி ஹெச்."

ஒவ்வொரு எழுத்தாக, ஒரே விரலால், தன்னை அவளே திட்டி முடித்தாள். பென் டிரைவைப் பிடுங்கித் தம்பி மடியில் போட்டாள். மெஷின் மறுபடி எழுந்தது. பூசணிக்காய்கள் போய் எழுத்தெல்லாம் கடுகாகச் சிறுத்திருந்தது. மென்பொருள் திறந்தது, பாடகியின் முன்பற்கள் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி சுழன்றன. வரவேற்புப் பெண் படத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள். எதைச் சொல்ல அப்படி ஓடுகிறாள் என்பது அண்ணிக்கும் தெரியும்.

முள்ளு திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தான். திரை பூட்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டான். ஏற்கவில்லை.

"மாத்தியாச்சு" என்றாள் அண்ணி, மாவிலிருந்து கையை எடுக்காமல். "நாற்காலி உன்னோடதுதான். வாக்கு வாக்குதான். ஆனா உள்ள போகணும்னா இதத் தட்டணும். மூடினடிரைவருக்குநான்அடிமை. எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடம் விடக்கூடாது."

அவன் முறைத்தான். அவள் முறைத்தாள். ஜன்னல் கண்ணாடியில் கீறல் விழுந்தது அன்றுதான். செருப்புக் கடைக்காரர், பையன்கள் கல்லெறிந்ததாகச் சொல்வதை நம்பாதீர்கள்.

அந்தப் பாஸ்வேர்டை மாற்ற அவனுக்கு ஒரு வரி கமாண்ட் போதும். மாற்றினால் வலித்தது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் தினமும் காலையில் வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்த வரியை முழுசாகத் தட்டுகிறான். தட்டுகிற சத்தம் கேட்டால்தான் அண்ணி அந்த நாளின் முதல் மாவைப் பிசைவாள், வாய் நிறையப் புன்னகையோடு. அந்தப் புன்னகையின் முன்பல் இரண்டும், அவன் கைவேலை.